ஐந்து முறை பொங்கிய பால்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீ நலமா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை. கேட்டாலும் உண்மையைச் சொல்லமாட்டாய்.

நேற்றுப் பிரசவ வார்டில் ஒரு பெண், "வலியே இல்ல சிஸ்டர், வீட்டுக்குப் போறேன்" என்று சிரித்தாள். பேச்சுதான் நடுநடுவே நின்றது. வயிற்றில் கை வைத்தேன், கல்லாக இருந்தது. கால் மணி நேரத்தில் பிரசவம். தாயும் பிள்ளையும் சுகம், பயப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீயும் அப்படித்தான் நின்று நின்று பேசினாய். பத்து நிமிடத்தில் ஐந்து முறை மூச்சு வாங்கியது. கேட்டதற்கு, "அடுப்புல பால் பொங்குதுடி" என்றாய். ஒரு பால் ஐந்து முறையா பொங்கும்?

இங்கே ஊரார் வயிற்றையெல்லாம் தொட்டுப் பார்க்கிறேன். உன் காலைத் தொட்டுப் பார்க்கத்தான் வழியில்லை. இப்படி மூச்சு வாங்கினால் காலிலும் வீக்கம் இருக்கலாம்; கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார். பள்ளம் விழுந்தால் நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். விழுந்தாலும் விழாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போ.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. பள்ளம் மறைய எத்தனை நொடி ஆகிறது என்று அப்பா எண்ணட்டும். நீ எண்ணினால் குறைத்துச் சொல்வாய். கடிதத்தை ஒளித்துவைக்க நினைக்காதே. இதே கடிதம் அவர் கடைக்கும் போகிறது.

உன் மகள்