உங்க வீட்ல தேட மாட்டாங்களா

சின்னுக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். குழந்தைக்குச் சளி விட்டதா? வேலைக்கு நடுவே எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும். ஆஸ்பத்திரி டெலிபோன் ரூமில் மத்தியானம்தான் கொஞ்சம் மூச்சுவிட முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்துவிட்டு, அப்பா பழையபடி ஆகிவிட்டார், நீதான் வீணாகக் கவலைப்படுகிறாய் என்றாய். நானும் தலையாட்டினேன். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும்? டிக்கெட் போட்டாகிவிட்டது என்றாயே, அதற்குப் பிறகு சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. சிரித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாரே, எங்கள் இருவருக்கும் நடுவில் எவ்வளவு இடம் விட்டிருந்தார் என்று பார்த்தாயா? முன்பின் தெரியாத பெண் பக்கத்தில் பஸ்ஸில் உட்கார நேர்ந்தால் ஒரு கௌரவமான மனிதர் அப்படித்தான் ஒதுங்கி உட்காருவார்.

லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில் ஏணியிலிருந்து விழுந்ததும், தலையில் ஆபரேஷன் ஆனதும், தன் காலால் நடந்தே வீட்டுக்கு வந்ததும் உனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டது இதுதான். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் என்னை நான் என்று நம்பவில்லை. முகம் மறந்துபோகவில்லை. மறந்திருந்தால்கூடத் தேவலை. அச்சு அசல் என் மனைவி மாதிரியே இருக்கிறீர்கள், ஆனால் நீங்கள் அவள் இல்லை என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்டவர், இப்போது 'நீங்க' என்கிறார்.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். இது யார் முகம் என்று மூளைக்குத் தெரிகிறதாம். கூடவே, நம்ம ஆள் என்று உள்ளே ஒன்று எழும்ப வேண்டுமாம். அந்த வழி அடிபட்டுவிட்டது. அது எழும்பாததால் மனம் தானாக ஒரு காரணம் தேடி, இது வேறு யாரோ என்று முடிவு கட்டிவிடுகிறது. சிலருக்குச் சரியாகும், சிலருக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுத் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

உன் சித்தப்பாவுக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. எங்கள் கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மச்சத்தைப் பாரு, மூக்கைப் பாரு என்று அண்ணனிடம் வாதாடினார். நான் விலைக்கு வந்த மாடு மாதிரி நின்றேன். அப்பா நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டூப்ளிகேட் பார்ட் அப்படித்தாண்டா வரும். ரெண்டையும் பக்கத்துல வச்சாலும் தெரியாது. மாட்டி ஓட்டினாத்தான் தெரியும்." சித்தப்பா போட்டோவை மாட்டக்கூட மறந்து கிளம்பிப் போனார். இப்போது, அண்ணனை எங்கேயாவது பாதுகாப்பான இடத்தில் சேர்த்துவிடலாம் என்று போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்பா என்னிடம் கோபமாக இல்லை. அதுதான் கஷ்டம். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறார். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் செய்யாததை யாரோ ஒருத்திக்காகச் செய்கிறார் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது, சிரித்துக்கொள். சட்டை மாற்றும்போது கதவைச் சாத்திக்கொள்கிறார். டீ அவள் போடுவது மாதிரியே இருக்கிறது, யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்கிறார். ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எதிரே வந்து உட்கார்ந்து, ரொம்பத் தயங்கிவிட்டு, "இங்கயே இருக்கீங்களே, உங்க வீட்ல தேட மாட்டாங்களா?" என்றார். தேடுகிறார்கள் என்றேன்.

எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ஒன்றைச் சொன்னால் நம்புவார் என்று ஒருமுறை முயன்றேன். நீ பிறந்த அன்றைக்கு, செய்தி கேட்டதும் அவர் இதே ஆஸ்பத்திரி லிஃப்டை இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்தி, உள்ளே உட்கார்ந்து அழுதிருக்கிறார். வெளியே எல்லாரும் ரிப்பேர் என்று படியேறிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். (உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.) அதை எடுத்துச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "இதையுமா உங்ககிட்ட சொல்லிட்டா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. சரியாகச் சொல்லச் சொல்ல நான் இன்னும் பொய்யாகிக்கொண்டே போகிறேன்.

இனிமேல் வருவது உனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். வேலையிலிருந்து ஒருநாள், மாத்திரை போட்டாரா என்று கேட்க அவருக்குப் போன் செய்தேன்.  எடுத்த எடுப்பிலேயே, "எங்கடி போயிட்ட?" என்றார். குரல் உடைந்திருந்தது. குரலுக்கு வேறு வழியாம், அது அடிபடவில்லையாம், முகம் கண்ணில் படாதவரை அது வேலை செய்யுமாம், டாக்டர் பிறகு சொன்னார். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. டெலிபோன் போர்டில் நாலு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஒன்றையும் எடுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் லிஃப்ட் கம்ப்ளெயின்ட் சொல்ல நான் இதே போர்டிலிருந்துதான் அவரைக் கூப்பிடுவேன். முகம் பார்ப்பதற்கு முன்பே அவருக்குக் குரல் பழக்கம்.

அன்றிலிருந்து மத்தியானம் போனில் நான் அவர் மனைவி, சாயங்காலம் வீட்டில் வேறு யாரோ. போனில் என்னைப் பற்றி என்னிடமே சொல்கிறார். அந்த அம்மா நல்லவங்கதான், பாவம், ஆனா உன் நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டுத் திரியறாங்க, கேக்கக் கூச்சமா இருக்கு என்றார். இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். ஆனால் வீட்டுக்குப் போனதும் ஸ்வெட்டரைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். சொந்தக்காரி வந்து கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு நொடி நினைத்தேன், சின்னு. நிஜமாகவே நினைத்தேன். இப்போதெல்லாம் என் அறைக்குள் போகும்போதே கதவைத் தட்டிவிட்டுத்தான் போகிறேன்.

போன வாரம் பையில் இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசலில் மறித்தேன். நீங்க வீட்டைப் பாத்துக்கங்க, நான் போய் அவளைக் கூட்டிட்டு வந்திடறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நடந்தார். கையைப் பிடித்தால் பயந்துவிடுவார். பின்னாலேயே போனேன். பஸ் ஸ்டாப்பில் ரோட்டைப் பார்த்தபடி நின்றார். பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் பழக்கடைக் கூடைகளுக்கு அந்தப் பக்கம் நின்று போன் போட்டேன். எடுத்தார். நான் எங்கே இருந்தாலும் தினம் மத்தியானம் பேசுகிறேன், நீங்கள் அலைய வேண்டாம், வீட்டுக்குப் போங்கள் என்றேன். "நீ வரமாட்டியா?" என்று கேட்டார். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். வருகிறேன் என்றேன். பஸ் வந்தது, நின்றது, போனது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கையில் போனோடுதான் நின்றேன். அதை அவர் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. "வீட்டுக்குப் போகச் சொல்லிட்டா. வாங்க, போலாம்," என்றார். பழக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

உனக்கு வலிக்கும், ஆனாலும் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவை அணைத்ததும், அப்பா ரொம்ப நேரம் அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், எங்க பொண்ணு மாதிரியே ஒரு பொண்ணைப் பிடிச்சிருக்காங்க, பாவம், அதுக்கும் ஒரு கைக்குழந்தை இருக்கு என்றார்.

அதனால் நீ வரும்போது பெல் அடிக்காதே. கதவுக்கு வெளியே நின்று பேசு. குழந்தையைப் பற்றிப் பேசு, பஸ்காரனைத் திட்டு, எதையாவது பேசு. அவர் பதில் சொன்ன பிறகு உள்ளே வா. உன் முகத்தைப் பார்த்துவிட்டு 'நீங்க' என்றால் அழாதே. உட்கார்ந்து தண்ணீர் கேள். விருந்தாளிகளிடம் அவர் நன்றாகவே நடந்துகொள்கிறார்.

நேற்று மத்தியானம் போனில் பேசிக்கொண்டிருந்தவர், நடுவில் நிறுத்திவிட்டு, "இப்பல்லாம் உன் குரலும் அந்த அம்மா குரல் மாதிரியே இருக்கே," என்றார்.   இரண்டு பேரும் ஒருத்திதான் என்று அவருக்குப் புரிய ஆரம்பித்திருக்கிறதா, இல்லை மிச்சம் இருந்ததும் போகிறதா, எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்கலாம். கேட்கப் பயமாக இருக்கிறது. இன்று இன்னும் அவருக்குப் போன் செய்யவில்லை. அந்த நேரத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முடிந்தால் டிக்கெட்டை முன்னால் மாற்றிக்கொண்டு வா. குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும். கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் முதல் வேலையாக என்னை அம்மா என்று கூப்பிடு. அவர் காதில் விழட்டும். என் காதிலும் விழட்டும்.

உன் அம்மா,
அம்மாவேதான்.