மழை என்று நான் அறிவித்தது

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றும் பேப்பரைத் தம்பி கண்ணில் படாமல் செருப்பு அலமாரிக்குள் திணித்தேன். முதல் பக்கத்தில் எங்கோ காடு எரிகிறது. அதற்குக் கீழேயே, அதைப் பற்றிப் பேச ஒன்றுகூடிய தலைவர்கள் எதுவும் முடிவு செய்யாமல் கைகுலுக்கிச் சிரிக்கிறார்கள். மூன்றாம் பக்கத்தில் நம் ஊர்ச் சதுப்பு நிலம். 'உயிர்ப்பற்ற தரிசு' என்று நிபுணர் குழு எழுதிக் கொடுத்துவிட்டதாம். இருபத்தைந்தாம் தேதி நகர மன்றத்தில் வாக்கெடுப்பு. அது நிறைவேறினால் மண்ணடித்துக் கிடங்குகள் கட்டிவிடுவார்கள்.

மறைத்து என்ன, அவனுக்குத் தெரியாததா? ஆறு வருஷம் அந்தச் சேற்றிலேயே கிடந்தவன். வீட்டில் அவனுக்குத் தவளை என்றே பெயர். தண்ணீர் எடுத்துச் சோதிப்பான், மனு எழுதுவான், எந்தப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டாலும் போய்ப் பேசுவான். அறிக்கை வந்த அன்று ரப்பர் பூட்ஸைக் குப்பையில் போட்டுவிட்டு அறைக்குள் போனவன்தான். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். அம்மா தட்டை வைத்துவிட்டு வருகிறாள், கொஞ்ச நேரம் கழித்து அப்படியே எடுத்து வருகிறாள்.

"நீ ஏதாவது சொல்லேண்டி" என்கிறாள் என்னிடம்.

நான் என்னத்தைச் சொல்ல? வானிலை அலுவலகத்தில் உட்கார்ந்து, வருஷா வருஷம் 'இதுவரை இல்லாத வெப்பம்' என்று தட்டித் தட்டி எனக்கே மரத்துப் போய்விட்டது. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வாய் கூசுகிறது.

செப்டம்பர் 11, வியாழன்

மானம் போச்சு.

காலை ஷிஃப்ட். எங்கள் ரேடாரில் ஒரு ஃபில்டர் உண்டு. கட்டடம், தூசி என்று மழை அல்லாத எல்லாவற்றையும் அழித்துவிட்டு மழையை மட்டும் காட்டும். இன்ஜினியர் நேற்று ஏதோ பழுது பார்க்க அதை அணைத்தவர், திரும்பப் போட மறந்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்குத் தெரியாது. விடிவதற்குச் சற்று முன் ஊருக்கு வடக்கே திரையில் ஒரு பெரிய திட்டு. பச்சை, அப்புறம் மஞ்சள், பார்க்கப் பார்க்கப் பெரிதாகிறது. வெறும் வானத்தில் இத்தனை வேகமாக மழை கட்டுமா? யோசித்திருக்க வேண்டும். எனக்குத்தான் எதற்கும் அவசரமாயிற்றே. 'இன்னும் ஒரு மணி நேரத்தில் பலத்த மழை' என்று அனுப்பிவிட்டேன்.

ஒரு பொட்டு இல்லை. சுள்ளென்று வெயில். பள்ளி விளையாட்டு விழா ரத்து. சந்தைக்காரர்கள் தார்ப்பாய் கட்டி, அவிழ்த்து, என்னைத் திட்டி ஓய்ந்திருப்பார்கள். மதியச் செய்தியில் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

எங்கள் மேலதிகாரியின் முகம் எப்போதும் மூட்டமாகவே இருக்கும், அதனால் அவருக்கு மந்தாரம் என்று பெயர் வைத்திருக்கிறோம். விளக்கம் எழுதித் தரச் சொன்னார். "சுருக்கமா எழுதும்மா. நீளமா எழுதினா பொய் மாதிரி தெரியும்."

செப்டம்பர் 12, வெள்ளி

விளக்கம் எழுதுவதற்காக நேற்றைய பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

அது மேகமே இல்லை. ஒரே ஒரு புள்ளியில் தொடங்குகிறது. புள்ளி வளையமாகிறது, வளையம் விரிகிறது, நடுவில் காலி. எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் போகிறது. காற்றை எதிர்த்தும் போகிறது. எந்த மழை காற்றை எதிர்த்துப் போகும்? பாதி மாவட்டத்தை மூடுகிற அளவுக்கு விரிந்து, மெலிந்து, கரைந்துவிடுகிறது. இன்று காலைப் பதிவைப் பார்த்தேன். அதே இடம், அதே வளையம்.

இன்ஜினியரை இழுத்துவந்து காட்டினேன். திரைக்கு மூக்கு தொடுமளவு குனிந்தார்.

"பறவை மேடம். கூட்டமாத் தங்கற இடத்துலேர்ந்து விடியறப்ப ஒண்ணாக் கிளம்பும். பாடத்துல படிச்சிருக்கேன். கண்ணால பார்க்கிறது இதான் முதல் தடவை."

"இவ்வளவு பெருசா தெரியணும்னா எத்தனை இருக்கும்?"

"லட்சக்கணக்குல."

"அப்ப இத்தனை நாளா ஏன் தெரியலை?"

"ஃபில்டர் இருந்துச்சே. மழை இல்லாததை அழிக்கிறதுதானே அதோட வேலை. தினமும் ஒழுங்கா அழிச்சிருக்கு."

ஊர் வரைபடத்தை மேலே போட்டு, புள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்தோம். சதுப்பு நிலம். உயிர்ப்பற்ற தரிசு.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தம்பி அறைக்குப் போய்ச் சொன்னேன்.

"ஈசலா இருக்கும்" என்றான் சுவரிடம்.

"ஈசல் காத்தை எதிர்த்து அவ்வளவு தூரம் போகுமாடா?"

கிளம்பலாம் என்று எழுந்தபோது சொன்னான்: "இருந்தா மட்டும் என்னக்கா? மண்ணைக் கொட்டத்தானே போறான். எதுக்கு இன்னொண்ணையும் பார்த்து வச்சு, அதுக்கும் சேர்த்து அழணும்?"

செப்டம்பர் 13, சனி

அவன் கேட்டதற்கு என்ன சொல்வது? நாள் முழுக்கத் தேடினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முடியுமா என்று தெரியவில்லை. முயல்கிறேன்.

இருட்டோடு எழுந்து அவன் கதவைத் தட்டினேன். "குப்பைமேட்டுப் பக்கம் நாய் இருக்குமாம். தனியாப் போக பயமா இருக்கு. துணைக்கு வா."

"உனக்கா பயம்? நாய்தான் உன்னைப் பார்த்து ஓடும்."

ஆனால் எழுந்தான். தாடியும் மீசையுமாக, கசங்கிய சட்டையோடு, அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தான். குப்பைமேட்டைச் சுற்றிக்கொண்டு சதுப்பு நிலத்தின் வடக்கு வேலி ஓரம் நின்றோம். நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டேன். எதிரே நாணல், இருட்டு. வேறு ஒன்றுமில்லை. ஏமாந்தேனோ? முதலில் ஊரை ஏமாற்றினேன், இப்போது இவனையுமா?

அப்போதுதான் நாணல் எல்லாம் குனிந்திருப்பதைக் கவனித்தேன். காற்றே இல்லை, ஆனாலும் தலை குனிந்திருந்தது. பிறகு ஒரு சத்தம், வாணலியில் எண்ணெய் காய்கிறபோது வருமே, அப்படிச் சன்னமாக. தம்பி என் கையைப் பிடித்தான்.

நாணல் நிமிர்ந்தது. அவ்வளவுதான் சொல்ல முடிகிறது. கண்ணுக்கெட்டிய வரை எல்லாத் தண்டும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தது, ஏனென்றால் அதன்மேல் உட்கார்ந்திருந்தவை எல்லாம் எழுந்துவிட்டன. வெளுக்கத் தொடங்கிய வானம் மறுபடி இருண்டது. இறக்கைக் காற்று முகத்தில் அடித்தது. எங்கள் தலைக்கு மேல், தோளுக்குப் பக்கத்தில், எங்கள் இருவருக்கும் நடுவில்கூடப் புகுந்து போயின, ஒன்றுகூட இடிக்கவில்லை. ஒன்றின்மேல் ஒன்றும் இடித்துக்கொள்ளவில்லை. முடியும் முடியும் என்று பார்க்கிறேன், முடியவே இல்லை. எனக்குப் பயம் மாதிரி ஒன்று வந்தது, ஆனால் பயமில்லை. சந்தோஷம் என்று சொன்னால் குறைச்சல். நான் எவ்வளவு சின்னவள் என்று தெரிந்தது, அது அத்தனை நிம்மதியாக இருந்தது.

"தகைவிலான்" என்றான் தம்பி. "நாலு ஸ்பூன் சர்க்கரை எடைதான் இருக்கும்கா ஒவ்வொண்ணும். அதை வச்சுக்கிட்டுக் கடலைத் தாண்டும்."

பிறகு அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். "ஆறு வருஷம்கா. இந்தப் பக்கம் வழி இல்லைன்னு வந்ததே இல்லை. வெயில் ஏறினதும் வருவேன், இருட்டுறதுக்குள்ள கேட்டைப் பூட்டிருவாங்க. நான் போனப்புறம் இதுங்க வந்து தூங்கிட்டு, நான் வர்றதுக்குள்ள போயிருக்கு."

அழுதான். நானும்தான். நாய் ஒன்று நிஜமாகவே வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

செப்டம்பர் 16, செவ்வாய்

விளக்கம் கொடுத்தேன். 'அது மழையல்ல, பறவைகள்.' மந்தாரம் இரண்டு முறை படித்தார். "இதை மேல அனுப்பினா நம்ம ரெண்டு பேரையும் சேர்த்துப் பறக்க விட்டுருவாங்கம்மா" என்றார். ஆனால் கையெழுத்துப் போட்டார்.

"ஃபில்டரைப் போட்டுடவா சார்?"

"விடியறப்ப மட்டும் அணைச்சே இருக்கட்டும். நானும் பார்க்கணும்."

செப்டம்பர் 20, சனி

என்னைக் கிழித்த அதே செய்தியில் இன்று வளையத்தைக் காட்டினார்கள். கீழே வந்த கருத்துகளில் பாதிப் பேர் கம்ப்யூட்டரில் செய்தது என்கிறார்கள். போகட்டும். இன்று காலை வேலி ஓரம் இருபது பேராவது நின்றார்கள். தம்பி புது பூட்ஸ் வாங்கிவிட்டான். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்த ஒருவரைப் பார்த்து அவன் போட்ட சத்தத்தில் பறவைகளே முன்னதாகக் கிளம்பியிருக்கும்.

செப்டம்பர் 25, வியாழன்

தோத்துட்டோம். ரெண்டே ரெண்டு ஓட்டு வித்தியாசம்.

பார்வையாளர் வரிசையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். "பறவைக்கு இறக்கை இருக்கு, வேற இடம் பார்த்துக்கும்" என்று ஒரு உறுப்பினர் சொல்ல, மேசையைத் தட்டிச் சிரிக்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் மண்ணடிப்பார்களாம். இதுக்குத்தானா இத்தனையும்? யாருக்குமே அது ஒரு பொருட்டில்லையா? பார்த்திருந்தா கை தூக்கியிருப்பாங்களா? பார்க்கவே வரலையே.

வீட்டுக்கு வரப் பயமாக இருந்தது. மறுபடி அந்தச் சுவர், அந்தத் தட்டு. நேராகப் போய்ப் படுத்துக்கொண்டேன். விளக்குக்கூடப் போடவில்லை.

தம்பிதான் வந்து போட்டான். கையில் தட்டு. "சாப்பிட்டுப் படு. காலையில பறவை பார்க்க ஒரு வகுப்பே வருது, நீயும் வரணும்."

"தோத்துட்டமேடா."

"ஆமா. வக்கீல் ஒருத்தர் நீதிமன்றத்துக்குப் போகலாம்கிறார். அங்கேயும் தோத்தாலும் தோப்போம்."

"அப்புறம் எதுக்குடா?"

யோசித்தான். "அழறதுக்குப் பயந்து பார்க்காம இருந்தா, அந்த நிபுணர் குழு மாதிரிதானே ஆயிடுவேன்" என்றான். அப்புறம், "ஆறிடப் போகுது, சாப்பிடு."

சாப்பிட்டேன்.

அக்டோபர் 3, வெள்ளி

மண் தள்ளும் இயந்திரம் ஒன்று சதுப்பு நிலத்துக் கேட் வாசலில் வந்து நிற்கிறது. மனுவை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. இரண்டும் ஒரே நாளில்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலை ஷிஃப்ட். அலுவலகத்தில் நான் மட்டும். மந்தாரம் குடையோடு சதுப்பு நிலத்துக்குப் போயிருக்கிறார், எதற்குக் குடை என்று கேட்கவில்லை. எங்களுக்கு எதிராக ஓட்டுப் போட்ட நகர மன்ற உறுப்பினர் அம்மா ஒருவர் இன்று தானாகவே வருகிறேன் என்று தம்பிக்குப் போன் செய்திருந்தார். எங்கள் அம்மாவும் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வெளியே இன்னும் விடியவில்லை. திரையில் புள்ளி வந்தது. வளையமானது. விரிந்தது. ஒரு மாதமாகப் பார்க்கிறேன், இன்னும் அந்த நேரத்தில் டீ ஆறிவிடுகிறது.

வளையத்தின் நடுவே அந்தக் காலி இடம். ரேடாரைப் பொறுத்தவரை அங்கே ஒன்றுமே இல்லை. அங்கேதான் என் தம்பி முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, யாருக்கோ விரல் நீட்டி ஏதோ காட்டிக்கொண்டிருக்கிறான்.