முகம் பார்க்காத ஊர்

கிரீஸ்ஹோஃபன்,
14 அக்டோபர் 1907

அன்புள்ள ஒட்டீலி அக்காவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு மஞ்சள் நூல். அப்பா படகுக் கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். கழியின் இரும்புக் கொக்கியில் அது சிக்கியிருந்தது.

செவரின் அண்ணனுக்கு நான் பின்னிய கழுத்துத்துணியின் ஓரம் அந்த நிறம்தான். சாம்பல் நூல் தீர்ந்துபோய், மிச்சத்துக்கு வெங்காயத்தோலில் நானே சாயம் ஏற்றினேன். அங்கங்கே பச்சை பாய்ந்துவிட்டது. "என்னடி புர்கி, பூசணம் புடிச்ச மாதிரி இருக்கு?" என்று சிரித்தான். ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் மேலாற்றுக்குத் தெப்பம் ஓட்டப் போனான்.

அன்று காலை, அப்பா கழியோடு வீடு திரும்புமுன், ஆற்றில் மூடுபனி. நான் படித்துறையில் வாளியோடு நின்றேன். குப்புற மிதந்து ஒருவன் வந்தான்.

"டேய் கிலியான், விருந்தாளி வந்திருக்கான்டா" என்றார் கிரிகோர் மாமா.

"மூஞ்சியப் பாக்காத. பாத்தா நம்ம தலையிலதான் விழும்" என்றார் அப்பா.

"தள்ளி விடு. கீழூர்ப் பாதிரியார் சும்மாதான உக்காந்திருக்காரு, கொஞ்சம் வேலை பாக்கட்டும்."

இருவரும் சிரித்தார்கள். அப்பா தலையைத் திருப்பிக்கொண்டு கழியால் தள்ளினார். நானும் திருப்பிக்கொண்டேன். முகம் பார்த்தவர்தானே பெட்டி செய்து, குழி வெட்டி, வருடா வருடம் விளக்கேற்ற வேண்டும்? பெருவெள்ளத்தில் பெயர் தெரியாதவர்களால் நம் கல்லறைத் தோட்டம் பாதி நிறைந்த பிறகு ஊர் கூடி எடுத்த முடிவு அது. நாம் பிறந்ததிலிருந்து அதுதான் வழக்கம்.

அம்மா செவரினுக்குக் காலுறை பின்னுகிறாள். "பனி விழறதுக்குள்ள வந்துருவான்" என்கிறாள்.

ஆற்றுக்குக் கீழே உங்கள் ஊரில் யாராவது கரை ஒதுங்கினார்களா, அக்கா? நூலை இத்துடன் வைத்திருக்கிறேன். பள்ளியை விட்ட பிறகு இவ்வளவு நீளமாக எழுதியதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் தங்கை,
வால்புர்கா


ஆவ்டோர்ஃப்,
20 அக்டோபர் 1907

என் கண்ணே புர்கி,

ஒதுங்கினான். இங்கே முகம் பார்ப்பார்கள். ஆனால் பார்க்க முகம் என்று எதுவும் மிஞ்சவில்லை. பெயர் இல்லாதவர்களுக்கான மூலையில் புதைத்துவிட்டார்கள்.

கழுத்துத்துணியைக் குழிவெட்டியின் மனைவி துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். உன் நூலை வைத்துப் பார்த்தேன். பச்சை பாய்ந்த இடம்கூடப் பொருந்தியது.

பாதிரியாரிடம் நான் பெயர் சொல்லவில்லை. சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார். அப்பா கழியால் தள்ளியது யாரை என்று இரண்டு ஊருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் அப்பா அதே ஆற்றில் இறங்கிவிடுவார், நீயே பார். அம்மா காத்திருந்துவிட்டுப் போகட்டும். நீ எப்போதும் வாய் திறக்காதவள், இப்போதும் திறக்காதே. இதைப் படித்ததும் எரித்துவிடு.

உன் அக்கா,
ஒட்டீலி


கிரீஸ்ஹோஃபன்,
2 நவம்பர் 1907

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அன்றே எரித்துவிட்டேன். வாய் திறக்காமல்தான் இருந்தேன். அம்மா இரண்டாவது ஜோடி காலுறையும் முடித்துவிட்டாள்.

இன்று இறந்தோர் நாள் பூசை. பாதிரியார் கோயிலில் ஒவ்வொரு வீட்டிலும் இந்த வருடம் இறந்தவர்களின் பெயரைப் படித்தார். அம்மா என் காதருகே குனிந்து, "இந்த வருஷம் நம்ம வீட்ல யாரும் இல்ல, கடவுள் புண்ணியம்" என்றாள். எதிர்ப்பக்கம் ஆண்கள் வரிசையில் அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

பாதிரியார் வழக்கம்போலக் கேட்டார்: "யார் பேராவது விட்டுப்போச்சா?"

ரொட்டிக் கடையில்கூட என் குரல் எட்டாமல் என்னை இரண்டு தரம் கேட்க வேண்டியிருக்கும், உனக்குத் தெரியும். எழுந்து நின்றேன். கிலியான் மகன் செவரின் என்றேன்.

"கேக்கலியேம்மா, யாரு?" என்றார் பாதிரியார்.

இன்னொரு தரம், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

வால்புர்கா