டியூப்பைக் கழற்றிய வாரம்

4, செவ்வாய்

மழை. சிங்கப்பூரின் அந்தக் கோடி துவாஸ், வேலை முடிந்து பைக்கில் வீடு வர ஒன்றரை மணி நேரம். மழைக்கோட்டுக்குள்ளும் ஈரம், ஜட்டி வரை.

குளிக்கும்போது ஷாலினி போன். வீட்டுக்காரி சரோ எடுத்தாள். கதவு வழியாகக் கேட்டது: "கன்னத்துலயா? போட்டோ எடுத்தியாம்மா?" மா. என் மகள் மேல் மறுபடி கை வைத்திருக்கிறான். (மாப்பிள்ளை என்று முழுதாக எழுதக் கை கூசுகிறது.)

சோப்பு சரியாகப் போகாமலே ஹெல்மெட்டை எடுத்தேன். எங்கள் ஆங் மோ கியோவிலிருந்து அவர்கள் இருக்கும் பொங்கோல் கால் மணி நேரம். அவன் பல்லைப் பேர்த்துக் கையில் கொடுத்துவிட்டு வந்து சாப்பிடலாம் என்று கிளம்பினேன். கார்பார்க் கேட்டைத் தாண்டவில்லை, பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. ஆணி! ஒரு மாதத்துக்குள் மூன்றாவது. மூன்று தடவையும் அவனை அடிக்கக் கிளம்பும்போது. மேல்மாடியில் வேலை பார்க்கும் கான்ட்ராக்டர் ஆட்கள் சிந்துகிறார்கள், வேறு யார். சக்கரத்தை உதைத்தேன். கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. செருப்பில் ரத்தம்.

கார்பார்க்கில் மூன்று மாடி வண்டியைத் தள்ளி ஏறினால் மூச்சு மட்டும்தான் மிச்சம். சரோ பால் பாக்கெட்டோடு எதிரே வந்தாள். "பஸ்ல போறதுதானே?" என்றாள். பஸ்ஸில் போய் ஒருத்தனை அடிக்க முடியுமா? கார்டு தட்டி, கிழவிக்கு இடம் விட்டு, மணி அடித்து இறங்குவதற்குள் கோபமெல்லாம் ஆறிவிடும்.

5, புதன்

வெயில். நகத்தில் பிளாஸ்டர்.

மதியம் மைக்கேலுக்குப் போன். ஜாலான் புசார் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சிநேகிதன். கேட்டேன், ஸ்போக் ரிம்மை டியூப்லெஸ் ஆக்க முடியுமா?

"முடியும் மச்சான். டியூப்ல ஆணி ஏறுனா பொசுக்குனு காத்து போயிடும். டியூப்லெஸ்னா டயர் ஆணியக் கவ்விப் பிடிச்சுக்கும். அப்படியே வீடு வரைக்கும் ஓட்டிடலாம் லா."

எனக்குப் போக வேண்டியது வீட்டுக்கு இல்லை. சொல்லவில்லை.

சாயங்காலம் ஷாலினியே என்னிடம் பேசினாள். "அப்பா, திங்கக்கிழமை கோர்ட். டாக்டர் ரிப்போர்ட், போட்டோ எல்லாம் கொடுத்தாச்சு. பாதுகாப்பு ஆர்டர் கிடைச்சா அவர்தான் வீட்ட விட்டுப் போகணும். நீங்க வந்து அடிச்சா எல்லாம் கெட்டுப்போயிடும். உங்களுக்கு ஏற்கெனவே போலீஸ் வார்னிங் இருக்கு."

இருக்கிறது. போன வருஷம் கோப்பிக்கடை, பிளாஸ்டிக் நாற்காலி, ஒருத்தன் தலை. அவன்தான் ஆரம்பித்தான்.

"சரிம்மா" என்றேன். அம்மாவிடமாவது வந்து இரு என்றால் கேட்கமாட்டாள். அது அவள் வீடும்தானாம், அவள் ஏன் வெளியே போக வேண்டுமாம். என் மகள்.

6, வியாழன்

லீவு. மைக்கேல் கடை. வாங்கியது: டியூப்லெஸ் டயர் 2, வால்வு 2, காற்று கசியாமல் அடைக்கும் சீலன்ட், டேப், தின்னர், உப்புத்தாள். பசிக்கு பராட்டா 3.

பின் டயர் ரிம்மை விட்டு வரமாட்டேன் என்றது. இரும்புப் பட்டையைச் செருகி ஏறி நின்றேன். மா. கழுத்து என்று நினைத்து மிதித்தேன், கழன்றது. டியூப்பில் மூன்று ஒட்டு. கத்தி எடுத்துக் குறுக்கே கிழித்தேன், பிறகு நெடுக்கே.

"செத்ததை ஏன்டா கொல்றே?" என்றான் மைக்கேல்.

அவன்தான் ரிம்மைத் தடவிப் பார்த்தான். உள் ஓரத்தில் டயரைப் பிடிக்கும் மேடு இருக்கிறதாம். இல்லாவிட்டால் தொட்டே இருக்கமாட்டானாம். உப்புத்தாளால் தேய்த்து, தின்னரால் துடைத்து, ஸ்போக் நட்டு ஒவ்வொன்றின் தலையிலும் சீலன்ட். ஒரு சக்கரத்துக்கு முப்பத்தாறு. குனிந்து குனிந்து என் கழுத்து பிடித்துக்கொண்டது.

"இன்னிக்கே மாட்டு" என்றேன்.

"காயணும் லா. நாளைக்கு இன்னொரு பூச்சு. சனிக்கிழமை வா."

கத்தினேன். அவன் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிட்டான்.

7, வெள்ளி

வண்டி இல்லை. ரயிலில் வேலைக்கு. ஒருத்தன் சரியாக என் கட்டைவிரலை மிதித்தான். முறைத்தேன். உடனே மன்னிப்புக் கேட்டுவிட்டான். ஏமாற்றமாக இருந்தது.

ராத்திரிச் சாப்பாடு தோசை. "எதுக்குங்க இப்ப இந்த டியூப்லெஸ்?" என்றாள் சரோ.

"இனி ஆணி ஏறினாலும் வண்டி நிக்காது."

"நிக்கவே நிக்காதா?"

"பொங்கோல் என்ன, ஜொகூர் வரைக்கும் போகும்."

தோசை கருகியது. திருப்பாமல் நின்றுகொண்டிருந்தாள். "திங்கக்கிழமை வரைக்கும் வண்டி மைக்கேல் கடையிலயே இருக்கட்டுமே" என்றாள். முடியாது என்றேன்.

8, சனி

காலையில் தூறல், பிறகு வெயில். நட்டுகள் மேல் டேப் ஒட்டி, வால்வு மாட்டி, டயர் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிக் காற்றடித்தோம். டயர் விளிம்பு ரிம்மில் உட்காரும்போது படார்! இன்னொரு தடவை படார்! எதிர்க்கடைக்காரி அலறினாள். எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடித்திருந்தது.

தேக்கா மார்க்கெட்டில் வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வீடு. மீனைக் கையில் வாங்கிய சரோ, எலுமிச்சை இல்லை என்று கீழே போய் வந்தாள்.

மூன்று மணிக்கு ஷாலினி போன். பேச்சு இல்லை. கண்ணாடி உடையும் சத்தம், அவள் அலறல், கட். "போலீஸைக் கூப்பிடுறேன், நீங்க போகாதீங்க" என்று வாசலை மறித்தாள் சரோ. தள்ளினேன். ஷூ அலமாரி மேல் விழுந்தாள். இதையும் எழுதத்தான் வேண்டும்.

வண்டி நிற்கவில்லை. வழியெல்லாம் பின்னால் டிக் டிக் என்று ஒரு சத்தம், ஆனால் நிற்கவில்லை. பொங்கோலில் இறங்கிப் பார்த்தேன். டயரில் ஆணி, தலை வரை இறங்கியிருந்தது. காற்று அப்படியே. ஆணியைப் பார்த்துச் சிரித்தேன். "இப்ப என்னா செய்வே?" என்று கேட்டேன்.

9, ஞாயிறு

நேற்று மீதியை எழுதவில்லை. ஜாமீனில் வந்து படுத்துவிட்டேன். வலது கை வீக்கம், எழுத்து கோணல்.

கதவைத் திறந்தது மா. ஹெல்மெட்டால் மூக்கில் ஒன்று. ரத்தம் சுவர் வரை தெறித்தது. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஷாலினி "அப்பா வேணாம்பா" என்று கத்தினாள். அவன் குனிந்தான். இன்னும் ஓங்கி இரண்டாவது அடி. அவள் நடுவில் வந்துவிட்டாள். தோள் எலும்பு. முறிந்தது கையில் தெரிந்தது எனக்கு.

சரோ கூப்பிட்ட போலீஸ் அதற்கப்புறம்தான் வந்தது. ஐந்து நிமிஷம் இருக்கும். இரண்டு பேர். சின்ன வயசு மலாய்க்காரப் பெண் ஷாலினி பக்கத்தில் உட்கார்ந்து, யார் அடித்தது என்று மெதுவாகக் கேட்டாள். ஷாலினி என்னைக் காட்டினாள். கன்னத்துக் காயம் மஞ்சளாகியிருந்தது, அது பழசு. புதுசு என்னுடையது மட்டும்தான்.

மகளுக்கு இரும்புத் தகடு வைக்க வேண்டியிருக்கலாமாம். ஜாமீன் நிபந்தனை, நான் பார்க்கப் போகக்கூடாது.

சரோ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். அவள் முழங்கையிலும் நீலம், ஷூ அலமாரி.

"ஆணி நான்தான் வெச்சேன்" என்றாள். "நாலு தடவையும். டயருக்கு அடியில. உங்க கோபம் அரை மணி நேரம்தான். அதை எப்படியாச்சும் கழிச்சுட்டா நீங்க நல்லவருதான்."

சமையலறையில் போய் அழுதேன். வஞ்சிரம் கழுவும் தொட்டியிலேயே கிடந்து நாறிக்கொண்டிருந்தது. குப்பையில் போட்டேன்.

10, திங்கள்

மழை. வேலைக்கு லீவு சொல்லியாயிற்று. காரணம் கேட்டார்கள், காய்ச்சல் என்றேன்.

ஷாலினி கையைக் கழுத்தோடு தூளி கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிருக்கிறாள். சரோ கூட. நான் வரவே கூடாது என்று மகள் சொல்லி அனுப்பினாள்.

பத்தரை. போன் இல்லை.

பன்னிரண்டு. இரண்டு கோப்பி. மூன்று தடவை தரை துடைத்தேன்.

ஒன்றேகாலுக்கு சரோ. குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. மா. மூக்கில் கட்டோடு வந்தானாம். அவன் வக்கீல் ஷாலினியின் எக்ஸ்ரேயைக் காட்டி, எலும்பை முறித்தது அவள் அப்பாதானே என்றாராம். கேஸ் தள்ளிப்போயிருக்கிறது, அதுவரை அவன் அந்த வீட்டில்தான் இருப்பான்.

"உங்க மேலயும் பாதுகாப்பு உத்தரவு கேட்டு மனு போட்டிருக்கு" என்றாள்.

"போடட்டும். அந்த நாய் போடாம வேற யாரு போடுவா?"

"அவன் இல்லைங்க. ஷாலினி."