செத்த டிஸ்குக்குத் திருநீறு

நுவரெலியா,
கார்த்திகை, ஞாயிறு.

அன்பு மகள் பிரேமினிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் இந்தப் பனிக்கு முனகிக்கொண்டிருக்கிறது. மெல்பேர்னில் நீயும் மாப்பிள்ளை தரணிதரனும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், எங்களுக்கு அது போதும். ஃபோனில் சொல்லாமல் ஏன் காகிதம் என்று கேட்பாய். ஃபோனில் என்றால் நீ நடுவில் புகுந்து கேள்வி கேட்பாய், என் பெருமை பாதியாகிவிடும். குறுக்கே பேசாமல் படி. ஸ்டூடியோ வீடியோக்களைச் சேமிக்க மேல்மாடியில் நீ வைத்துவிட்டுப் போன சர்வர் பெட்டிக்கு உன் அப்பன் புது ஹார்ட் டிஸ்க் போட்டுவிட்டான்! டிசம்பரில் நான் வந்து பார்க்கிறேன், அதுவரைக்கும் கை வைக்காதீங்கப்பா என்று மெசேஜ் மேல் மெசேஜ் போட்டாயே, வைத்தேன்.

நடந்தது இதுதான். ஆயுத பூசைக்கு ஸ்டூடியோ கேமரா, லைட் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு அம்மா மேலே போய் அந்தப் பெட்டிக்கும் வைத்தாள். உள்ளே இருக்கும் இரண்டு டிஸ்கிலும் ஒன்றையேதான் எழுதி வைக்கும், ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும், போனால் சிவப்பு விளக்கு எரியும் என்று நீ சொல்லியிருந்தாய். அந்தக் குட்டி விளக்குகள் மேலேயே சரியாகப் பொட்டு உட்கார்ந்துவிட்டது. வைத்தது அவள், நல்லா பெரிசா வை என்று பக்கத்தில் நின்று சொன்னது நான், இனி இதை என் ஆயுசு முழுக்கச் சொல்லிக்காட்டுவாள். போன கிழமை கல்யாண வீடியோ ஒன்றைத் திறந்தால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. மேலே போய்த் துடைத்துப் பார்த்தால் காய்ந்த சந்தனத்துக்கு அடியில் சிவப்பு விளக்கு, எத்தனை நாளாக எரிந்ததோ தெரியாது. நீ சொன்னபடி நல்ல டிஸ்கிலிருந்து பிரதி எடுக்கத் தொடங்கினேன், பாதியில் கரண்ட் போய் வந்தது, அதற்குப் பிறகு எந்த வீடியோவும் திறக்கவே மாட்டேன் என்று பெட்டி அடம். அப்போதுதான் நீ கை வைக்காதே என்றாய்.

டிசம்பர் வரைக்கும் பொறுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வீடியோ உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆவணியில் எடுத்த கல்யாணம், செல்லசாமியின் மகள் ஜெயந்தினி உனக்குத் தெரியும், உன் பழைய சீருடை போட்டுப் படித்த பிள்ளை. அவள் அம்மா மீனம்மா குவைத்தில் வீட்டு வேலை, மகள் கல்யாணத்துக்கு லீவு கொடுக்கவில்லை. அம்மா வந்தாத்தான் நானும் பாப்பேன் என்று அந்தப் பிள்ளை வீடியோவை வாங்கவே இல்லை, நானும் எடிட்டிங்கை ஆறப் போட்டுவிட்டேன், கேமரா கார்டில் அதற்குப் பிறகு வேறு கல்யாணமே எடுத்தாயிற்று, இருந்தது அந்தப் பெட்டியில் மட்டும்தான். இந்த வெள்ளிக்கிழமை மீனம்மா வருகிறாள் என்று செல்லசாமி வந்து சொல்லிவிட்டுப் போன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை மகள். அந்தத் தாய் முகத்தை எப்படிப் பார்ப்பது?

மறுநாள் காலை பஸ்ஸிலேயே கண்டிக்குப் போய் நீ முன்பு அனுப்பிய டிஸ்க் படத்தைக் காட்டி அதே டிஸ்கை வாங்கினேன், பயப்படாதீங்க அங்கிள், லேசு வேலை என்று கடைக்காரத் தம்பி சிங்களத்தில் தைரியம் சொன்னான். இறம்பொடை மலைப்பாதை வளைவு முழுக்க அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பெட்டியை அணைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும் என்றாய் அல்லவா, அணைத்தேன். அணைத்ததும் சிவப்பும் போச்சு, பச்சையும் போச்சு! இரண்டு டிஸ்கும் ஒரே அச்சு. தப்பானதைப் பிடுங்கினால் என்ன ஆகுமோ என்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், உன் அம்மா பின்னால் நின்று சிரிக்கிறாள். என்னங்க முழிக்கிறீங்க, சிவப்பு எரிஞ்சப்பவே செத்ததுக்குத் திருநீறு பூசிட்டேன், பாத்து உருவுங்க என்றாள். பார்த்தால் உண்மைதான், வலது பக்கத்தில் மூன்று விரல் பட்டை! அதை உருவிவிட்டுப் புதியதைத் தள்ளினேன், டக்கென்று உட்கார்ந்தது.

அந்தப் பகல் முழுக்க அது நல்ல டிஸ்கைப் பார்த்துப் புதியதில் எழுதியது. நாங்கள் இருவரும் தேர்தல் முடிவு பார்ப்பது போல எத்தனை வீதம் முடிந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தோம், அம்மா தேத்தண்ணியை அங்கேயே கொண்டுவந்துவிட்டாள். பின்னேரம் இரண்டு விளக்கும் பச்சை. நான் போட்ட சத்தத்தில் கீழே ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஓடிவந்தார்கள். நாதஸ்வரச் சத்தத்தோடு கல்யாணம் அப்படியே இருக்கிறது மகள், ஒரு நொடி குறையவில்லை!

வெள்ளிக்கிழமை மீனம்மா மகளோடு வந்தாள். நம் வீட்டு டிவியில்தான் போட்டுக் காட்டினேன். தாலி கட்டும் இடம் நெருங்கும்போது மீனம்மா உன் அம்மாவிடம், அக்கா ஒரு பிடி அரிசி தருவீங்களா என்று மெதுவாகக் கேட்டாள். அம்மா அரிசியில் மஞ்சள் பிசைந்து கொண்டுவந்து கொடுத்தாள். கெட்டிமேளம் கொட்டியதும் மீனம்மா எழுந்து நின்று டிவியில் இருந்த மகள் தலையில் அரிசியைப் போட்டாள். பிறகு திரும்பி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் தலையிலும் போட்டாள். நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். இத்தனை வருசம் ஸ்டூடியோ நடத்தி இப்படி ஒரு சந்தோசம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

உன் வீட்டிலும் இதே மாதிரி ஒரு பெட்டி வைத்திருக்கிறாயே, அதன் விளக்கையும் இன்றைக்கே போய்ப் பார். மாப்பிள்ளையைக் குளிர்ந்த தண்ணீர் குடிக்க விடாதே. பிள்ளையார் துணையில் நீங்கள் இருவரும் எல்லாச் செல்வமும் பெற்று நீண்ட காலம் நல்லா இருக்க வேண்டும். போன தடவை வந்தபோது பாதி லீவு அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாய், அம்மா அடுக்களையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி இந்த வீட்டில் உனக்குப் பழுது பார்க்க ஒரு வேலையும் இல்லை. டிசம்பரில் சும்மா வா மகள்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
அப்பா சிதம்பரநாதன்,
அம்மா ஜெயலெட்சுமி.