எட்டு மாதம் என்று எழுதிய அட்டை

டாக்டரம்மா,

கோழிக்கூட்டில் பரப்ப மகள் வாங்கிவந்த உமி மழையில் நனைந்துவிட்டது. இன்று வெயில் ஏறியதும் அதிலிருந்து ஆவி வந்தது. நெல் அவிக்கிற அதே மணம். நம் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்கு விரிக்கும் உமியை ஆவியில் வேகவைத்து நான் இரும்புக் கதவைத் திறக்கும்போதெல்லாம், "அண்ணாச்சி, பசிக்கறது" என்பீர்களே, அந்த மணம். மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நான் சொல்ல அவள் எழுதுகிறாள்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் காதில் போட்ட துளையைப் பார்த்தால் எந்த எலி, எது பெற்றது, என்றைக்குப் பெற்றது என்று சொல்லிவிடுவேன். "எலிக்கெல்லாம் ஜாதகம் கணிச்சு வச்சிருக்கேளா?" என்று சிரிப்பீர்கள்.

என்ன தேடுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சின்ன உறுப்பு, டி செல்கள் அங்கேதான் தேறி வரும் என்றீர்கள். "நோயோட சண்டை போடற படை அது. அதுல சிலது மட்டும் தனி. சொந்த உடம்பையே அடிக்கப் போற செல்லைத் தடுக்கறதுதான் அதுக்கு வேலை." வயது ஏற ஏறத் தைமஸ் சுருங்கிவிடுமாம்; எலிக்கு எட்டு மாதம் என்றாலே நல்ல வயதாம். அதன் பிறகும் அந்தத் தனி செல்கள் அங்கே புதிதாகப் பிறக்கின்றனவா, இல்லை வெளியே போன பழையவை திரும்பி வந்து குந்தியிருக்கின்றனவா? அதுதான் உங்கள் கேள்வி. உங்கள் எலிகளில் புதிதாகப் பிறந்த செல் பச்சையாக மின்னும், நாளானால் அணைந்துவிடும்.

"எட்டு மாசத்துலயும் எவ்வளவு பச்சை பாருங்கோ!" என்று நீங்கள் துள்ளினீர்கள். அந்த எலிகளின் காதை நான் பார்த்திருந்தேன். தெருவெல்லாம் அடுப்பு மூட்டிய ஆற்றுகால் பொங்காலைப் புகை உள்ளே வராமல் ஜன்னல்களை அடைத்தோமே, அன்று பிறந்த குட்டிகள். வயது இரண்டே மாதம். ஆனால் கூட்டு அட்டையில் எட்டு மாதம் என்று படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நான் யார் சொல்ல? பதினைந்து நாள் வாயைத் திறக்கவில்லை. கட்டுரையை அனுப்பப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் உங்கள் முன்னால் வந்து நின்று சொன்னேன்.

பிறப்புப் பதிவேட்டைப் புரட்டினீர்கள். தாய் பிறந்த தேதியை யாரோ குட்டிகளின் அட்டையில் எழுதியிருந்தார்கள். பதிவேட்டை மூடி வைத்தீர்கள்.

"ஏன் அண்ணாச்சி, அன்னிக்கே சொல்லலை?"

"எழுதி வச்சிருக்குல்லா அம்மா. நான் சொன்னா யாரு கேப்பா?"

"நான் கேப்பேனே."

அவ்வளவுதான் சொன்னீர்கள். செய்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினீர்கள். அதன் பிறகு எந்தக் கூட்டைத் திறந்தாலும் அட்டையைப் படிக்கும் முன், "அண்ணாச்சி, காதைப் பாருங்கோ" என்று என்னைக் கூப்பிடுவது வழக்கமாயிற்று. நிஜமாகவே எட்டு மாதமான எலிகளில் பச்சை குறைவு. "கொஞ்சம்தான். ஆனா இருக்கு" என்று மெல்லச் சொல்லிவிட்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டீர்கள்.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆயிற்று. வலியசாலைப் பக்கம் போனால் உங்கள் தெருவில் திரும்பாமல் வந்துவிடுகிறேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மலையாளத்து நர்ஸ் ஒருத்தி சர்க்கரை ஊசியோடு வந்தாள்.

"எனக்குச் சர்க்கரை இல்ல மோளே. நேத்து மூணு நேரமும் பக்கத்துக் கட்டிலுக்குத்தான் இதைப் போட்ட."

"சீட்டில எழுதியிட்டுண்டு அப்பூப்பா."

"எழுதியிருக்கட்டும். அதுல பேரு யாருதுன்னு பாரு."

பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள்.

இந்தத் தடவை எனக்குப் பதினைந்து நாள் ஆகவில்லை, டாக்டரம்மா.