வரிசையில் நிற்காதவள்

சென்ட்ர் டி ஃப்ளாக்,
20 ஜனவரி 1963

அன்பு மகள் ருக்மணிக்கு, அப்பா எழுதுவது. முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் நலம், லண்டனில் பனி கொட்டுகிறது என்று ரேடியோவில் கேட்டதிலிருந்து உன் காதும் மூக்கும்தான் என் நினைவு, தொப்பி இல்லாமல் காலேஜுக்குப் போகாதே. தைப்பூசத்துக்கு விரதம் தொடங்கிவிட்டேன், இந்த முழங்காலோடு காவடியா என்று பக்கத்து வீட்டு ஜோசெட் தலையில் அடித்துக்கொண்டாள், முருகன் பார்த்துக்கொள்வான் என்றேன், அவருக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நீ கேட்ட விவரத்துக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை டிஸ்பென்சரியில் உட்கார்ந்து பழைய தினப் புத்தகங்களைப் புரட்டினேன். புற்றுநோய்க்காரர்கள் முதலில் எங்களிடம் எப்போது வந்தார்கள், ஆஸ்பத்திரிக்கு எப்போது போனார்கள் என்று உன் பேராசிரியர் சுலபமாகக் கேட்டுவிட்டார், எங்கள் புத்தகத்தில் நோய்க்கு ஒரு கட்டமே கிடையாதம்மா. பெயர், வயது, கொடுத்த மருந்து, அவ்வளவுதான். மூன்று வருஷம் முன்பு நம் தீவையே புரட்டிப்போட்ட கரோல் புயலில் கூரை பறந்தபோது இரண்டு புத்தகங்கள் நனைந்து கூழாகிவிட்டன. மிச்சத்தில் மருந்தைப் பார்த்து, ஆளை ஞாபகப்படுத்தி, வீட்டாரை விசாரித்துப் பத்தொன்பது பேரை எடுத்தேன். கரும்பு வெட்டும் வீரசாமி ஏழு மாதத்தில் ஐந்து முறை தொண்டை வலி என்று வந்திருக்கிறார், ஐந்து முறையும் கொப்பளிக்கும் மருந்து, ஐந்தும் என் கையெழுத்து. அன்றன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒரே தாளில் கீழே கீழே எழுதியபோதுதான் தெரிந்தது. அவர் என்ன ஆனார் என்று ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் எழுதவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை.

பட்டியலை உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன், பிறகு பிரித்தேன். உன் அம்மா அதில் இல்லை. நீ போர்ட் லூயியில் சித்தி வீட்டிலிருந்து பரீட்சைக்குப் படித்தபோது அவளை நிமோனியா கொண்டுபோயிற்று என்று சொன்னேன், அது கடைசி வாரத்து விஷயம். அதற்குப் பதினோரு மாதம் முன்பே அவளுக்கு இடது மார்பில் கட்டி இருந்தது. கம்பவுண்டர் பெண்டாட்டி போய் வரிசையில் நிற்பதா என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன், களிம்பைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன், ஒரு வரி எழுதவில்லை. டாக்டரிடம் காட்டலாம் என்றபோது ருக்மணி பரீட்சை முடியட்டும் என்றாள், பாவி நான், சரி என்றேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். எட்டு வருஷம் காப்பாற்றினேன், சத்தியத்துக்காக அல்ல, வெட்கத்தால். உனக்கு வழக்கமாக எழுதுவதுபோல் இதைப் பிரெஞ்சில் எழுத எனக்கு வரவில்லை, அவளோடு நான் பேசியது தமிழில்தான்.

அவளுடைய அக்காவும் இதே நோயில்தான் போனாளாம், அதையும் யாரும் எழுதிவைக்கவில்லை. அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன். இருபதாவதாகச் சேர்த்திருக்கிறேன்: அலமேலு, நாற்பத்திரண்டு வயது, இடது மார்பில் கட்டி, கொடுத்தது களிம்பு, கொடுத்தவர் கணவர். உன் பேராசிரியர் அவளையும் எண்ணட்டும்.

கோபம் வந்தால் திட்டியே எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. முருகன் உன்னை நூறு வயது நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும், என் ஆயுளில் மிச்சமிருப்பதும் உனக்கே சேரட்டும். இந்த வாரமே ஒரு பெண் டாக்டரிடம் உடம்பைக் காட்டு, எனக்கு ஒன்றுமில்லையே என்று சொல்லாதே, உன் அம்மாவும் அதைத்தான் சொன்னாள். டாக்டருக்குப் படிப்பவள் என்று உள்வழியாகப் போகாதே, வரிசையில் நின்று உன் பெயரை எழுதச் சொல்.

உன் அப்பா,
விநாயகம்